நான்கில் அடங்காத அழுகை

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் நடத்தி வருகிறேன். மெய்ப்பாடுகள் எட்டு, அவை ஒவ்வொன்றும் பிறப்பதற்கு நான்கு நிலைக்களன்கள் என்று மாணவிகள் பட்டியலை மனப்பாடம் செய்துவிடுவார்கள். தேர்வில் ஐந்து மதிப்பெண் உறுதி. அழுகை பிறக்கும் இடங்கள் நான்கு: பிறரால் இகழப்படுதல், உறவையோ உடைமையையோ இழத்தல், நிலைதளர்தல், வறுமை. இவற்றுள் மூன்றாவதற்கு உரை தரும் விளக்கம் நுட்பமானது. முன்பிருந்த நிலை கெட்டு, தாம் வேறொருவராக ஆகிப் போனதை எண்ணி ஒருவர் வருந்துவதை அது சுட்டுகிறது. அந்த இடத்தில் நாடிழந்து நிற்கும் அரசன் ஒருவனை உதாரணம் காட்டுவது என் வழக்கம். 2022ஆம் ஆண்டுப் புரட்டாசிக்குப் பிறகு அரசனைத் தேடிப் போக வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.

அன்று விடிகாலை ஐந்து மணிக்கு அம்மா வந்து எழுப்பினாள். அப்பாவின் வலக்கையும் வலக்காலும் விழுந்திருந்தன. வாய் இடப்பக்கம் இழுத்திருந்தது. எதையோ சொல்ல முயன்றார். ஒரே ஓர் ஓசைதான் திரும்பத் திரும்ப வந்தது. முப்பத்தாறு ஆண்டுகள் கணக்கு ஆசிரியராகவும் பின்னர் தலைமையாசிரியராகவும் இருந்தவர். மைதானத்தின் மறுகோடியில் நிற்கும் பையனை ஒலிபெருக்கி இல்லாமலே கூப்பிட்டு நிறுத்தும் குரல் அவருடையது.

மருத்துவமனையில் முதலில் கேட்ட கேள்வி, அவரைக் கடைசியாக நல்லபடியாகப் பார்த்தது எத்தனை மணிக்கு என்பது. இரவு பத்து மணிக்குப் பாலைக் குடித்துவிட்டுப் படுத்தார். இடையில் ஏழு மணி நேரம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பக்கவாதம் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். தூக்கத்தில் வந்ததற்குத் தொடக்க நேரம் எப்படித் தெரியும்? ஸ்கேனில் இடப்பக்கத்து முன்பகுதி ஏற்கெனவே மங்கத் தொடங்கியிருந்தது. மற்றவை எல்லா வீடுகளிலும் நடப்பவைதாம். பன்னிரண்டு நாள் படுக்கை, இயன்முறைச் சிகிச்சை, சக்கர நாற்காலி, வீட்டு வாசற்படியில் மரப்பலகைச் சரிவு.

பின்னாளில் ஒரு கணக்கைப் படித்தேன். ஜெப்ரி சேவர் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் 2006இல் வெளியிட்டது. மூளையின் பெரிய இரத்தக்குழாய் ஒன்று அடைபட்டுச் சிகிச்சை கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன. கணக்கு வாத்தியார் மகள் அல்லவா, தாளை எடுத்து ஏழு மணி நேரத்துக்குப் பெருக்கிப் பார்த்தேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

அழுகை தொடங்கியது வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரத்தில். அதற்கு முன் என் வாழ்நாளில் அப்பா அழுது நான் பார்த்ததில்லை. தாத்தாவின் காரியத்தன்றுகூட இல்லை. இப்போது முகம் திடீரென்று கோணி, தோள் குலுங்கி, தொண்டையிலிருந்து ஒரு கேவல் எழும். அரை நிமிடம், ஒரு நிமிடம். பிறகு குழாயைத் திருகி அடைத்ததுபோல் நின்றுவிடும். அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

முதன்முதலில் அப்படி அழுதது அத்தை வந்தபோது. அத்தை அப்பாவுக்கு நேர் இளையவர், கோவில்பட்டியில் வாழ்க்கைப்பட்டவர். கையில் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தோடு வாசலில் நின்று "அண்ணே" என்றார். அவ்வளவுதான், அப்பா உடைந்துவிட்டார். அத்தை ஓடிவந்து அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அந்தப் பார்வைக்கு ஒரு கதை உண்டு. 1999இல் தாத்தா விட்டுச்சென்ற கடைமடை வயல் ஒன்றை அப்பா விற்றார். அத்தை விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவருக்கென்று பேசிய தொகை இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளித் தள்ளிக் கடைசிவரை அவருக்குப் போய்ச் சேரவில்லை. பத்தாண்டுகள் இரு வீட்டுக்கும் பேச்சில்லை. பிறகு ஒரு திருமணத்தில் பேசத் தொடங்கினார்கள். பணத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. அந்தப் பணத்தில் ஒரு பகுதியில்தான் நான் விடுதியில் தங்கி முதுகலைத் தமிழ் படித்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஆகவே அப்பாவின் கண்ணீருக்குப் பொருள் காண எங்களுக்கு நேரமாகவில்லை. "மனசு உறுத்துது அவுகளுக்கு" என்றாள் அம்மா. எனக்கோ இலக்கியத்தில் கண்ணீரைப் படித்துப் பழகிய கண். பேச்சிழந்த மனிதர், உடன்பிறந்தவளுக்கு இழைத்த அநீதி, மன்னிப்புக் கேட்கச் சொல் இல்லாத நாவு. ஒரு சிறுகதையாசிரியர் இதைவிடக் கச்சிதமாக அமைத்துவிட முடியாது. அந்தக் கச்சிதமே என்னை எச்சரித்திருக்க வேண்டும்.

அப்பா எப்போதெல்லாம் அழுகிறார் என்று ஒரு நாட்குறிப்பில் எழுதி வந்தேன். அது இப்போதும் என்னிடம் இருக்கிறது. அத்தை வந்த நான்கு நாட்களும் அதில் உள்ளன. பழைய மாணவர் ஒருவர் வந்து காலைத் தொட்டு வணங்கியதும் உள்ளது. கூடவே, எரிவாயு உருளை கொண்டுவந்த பையன் ரசீது நீட்டியபோது அழுதார், சலவைத்தூள் விளம்பரம் ஓடியபோது அழுதார், பக்கத்து வீட்டுக் குக்கர் சத்தம் கேட்டபோது அழுதார் என்றும் என் கையெழுத்திலேயே இருக்கிறது. இவற்றை நான் பொருட்படுத்தவில்லை. தங்கள் கருதுகோளுக்குப் பொருந்தாத பாடல்களை ஆய்வேட்டில் சேர்க்காமல் விடுகிற மாணவிகளை எத்தனை முறை கடிந்திருக்கிறேன்!

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் அத்தைக்குத் தொலைபேசியில் பேசினேன். நீங்கள் வரும்போதெல்லாம் அழுகிறார், இரத்த அழுத்தம் ஏறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது, கொஞ்ச நாள் வராமல் இருங்கள் என்று சுற்றிவளைத்துச் சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "சரி தாயி. அண்ணன் அழுததே எனக்குப் போதும்" என்றார். அந்தப் 'போதும்' என்ற சொல்லின் கனம் அன்று எனக்குப் பிடிபடவில்லை. நான்கு மாதம் அவர் வரவில்லை.

2023 மார்ச்சில் வழக்கமான பரிசோதனைக்குப் போனோம். அன்று பார்த்தவர் இளம் பெண் மருத்துவர். அவர் இரத்த அழுத்தம் பார்க்கக் கைப்பட்டையைச் சுற்றும்போதே அப்பா அழத் தொடங்கிவிட்டார். நான் வழக்கம்போல் விளக்கம் சொல்லத் தொடங்கினேன்: குடும்பத்தில் ஒரு பழைய விஷயம், குற்ற உணர்வு. மருத்துவர் என்னைக் கையமர்த்திவிட்டு அப்பாவின் முன் குனிந்தார். ஆம் என்றால் இடக்கைக் கட்டைவிரலை மேலே, இல்லை என்றால் கீழே காட்டச் சொன்னார். நீங்கள் வாத்தியார்தானே? மேலே. இது மதுரையா? கீழே. அப்பாவுக்குச் சொல்லத்தான் முடியவில்லை, கேட்பது விளங்குகிறது என்று உறுதிசெய்துகொண்டார் போலும். பிறகு, "இப்ப அழுறீங்களே சார், மனசுக்குள்ள துக்கமா இருக்கா?" என்றார்.

கன்னத்தில் நீர் வழிந்துகொண்டிருக்கும்போதே அப்பா கட்டைவிரலைக் கீழே திருப்பினார். அழுகை நின்றது. நின்ற பிறகு இன்னொரு முறை, கையையே அசைத்து, இல்லை, இல்லை என்று அழுத்திக் காட்டினார்.

ஐந்து மாதங்களாக யாரும் அவரிடம் அதைக் கேட்டிருக்கவில்லை.

இது நோயின் ஒரு கூறு என்றார் மருத்துவர். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இப்படி நேர்வதுண்டு. சிலருக்கு அழுகைக்குப் பதில் சிரிப்பு வரும், இழவு வீட்டில்கூட. இது மனச்சோர்வு அன்று. மனச்சோர்வு தனியே மூன்றில் ஒருவருக்கு வருகிறது. இரண்டும் சேர்ந்தும் வரலாம், ஆகவே கவனிக்க வேண்டும் என்று சொல்லிச் சிறிய அளவில் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். மூளையில் செரடோனின் என்ற வேதிப்பொருள் கூடுதல் நேரம் தங்கி வேலைசெய்ய அது உதவும். எட்டாம் நாள் அப்பா குக்கர் சத்தத்துக்கு அழவில்லை. இரண்டாம் வாரம், எரிவாயு உருளைக்காரப் பையன் வந்தபோது இடக்கையால் அவனுக்கு வணக்கம் வைத்தார்.

அதன் பிறகுதான் படிக்கத் தொடங்கினேன். தமிழ் படித்தவளுக்கு இது எட்டாத துறை. கல்லூரி உயிர்வேதியியல் துறைத் தோழி ஒருத்தி பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். பக்கவாதம் என்றால் குழாய் அடைப்பு, அவ்வளவே என்று நினைத்திருந்தேன். அடைப்பு அதன் தொடக்கம் மட்டுமே. அதற்குப் பின் மாதக்கணக்கில் மூளையின் வேதியியல் மாறிக்கொண்டே இருக்கிறது.

உடல் எடையில் நூற்றில் இரண்டு பங்குதான் மூளை. உடல் செலவிடும் ஆக்சிஜனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. சேமிப்பு என்று எதுவும் பெரிதாகக் கிடையாது, அன்றாடங்காய்ச்சி. இரத்தம் நின்றதும் அணுக்களின் உப்புச் சமநிலையைக் காக்கும் இறைப்பான்கள் ஓய்ந்துவிடுகின்றன. அப்போது குளூட்டமேட் என்ற பொருள் மடை உடைந்ததுபோல் கொட்டுகிறது. நரம்பணு நரம்பணுவைத் தூண்டுவதற்கு நாள்தோறும் பயன்படும் தூதுப்பொருள்தான் அது. நாம் எதையேனும் கற்பதும் நினைவில் வைப்பதும் அதனால்தான். அளவு மீறும்போது அணுவின் கதவுகள் திறந்தபடியே நின்று, கால்சியம் உள்ளே புகுந்து, அணு தன்னைத்தானே செரித்துக்கொள்கிறது. மிகையான தூண்டலே நஞ்சாகும் இந்த விந்தையை 1969இல் ஜான் ஓல்னி எலிக்குஞ்சுகளில் கண்டு பெயரிட்டார். அவர் செலுத்தியது நம் சமையலறைகளில் அஜினோமோட்டோ என்று அறியப்படும் குளூட்டமேட் உப்பு. (சாப்பாட்டில் கலப்பதெல்லாம் மூளையைத் தின்றுவிடும் என்று யாரும் பதற வேண்டாம். இரத்தத்திலிருந்து மூளைக்குள் அது எளிதாகப் புகுந்துவிடாதபடி ஒரு தடுப்பு இருக்கிறது.)

அப்படியானால் குளூட்டமேட்டைத் தடுத்துவிட்டால் போதுமே? அப்படித்தான் எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். மூளையணுக்களைக் காக்கவென்று ஆய்வுக்கூடங்களில் முயன்று பார்க்கப்பட்ட சிகிச்சைகளை 2006இல் ஓர் ஆய்வுக்குழு எண்ணிப் பார்த்தது: 1,026. எலிகளைக் காப்பாற்றிய மருந்துகள் மனிதரிடம் தோற்றுக்கொண்டே இருந்தன. தோல்விக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றாகச் சொல்லப்படுவது என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. முதல் சில மணி நேரத்தில் கொல்லும் குளூட்டமேட்டின் தூண்டல்தான், சில நாட்கள் கழித்து, பிழைத்த அணுக்கள் புதிய இணைப்புகளைக் கட்டத் தேவைப்படுகிறது. அதைத் தொடர்ந்து தடுத்தால் மீட்சியையும் தடுத்துவிடுகிறோம்.

அடக்கும் பொருளுக்கும் இதே கதைதான். காபா என்ற வேதிப்பொருள் அணுக்களை அமைதிப்படுத்துவது. சேதமான இடத்தைச் சுற்றிலும் பிழைத்திருக்கும் பகுதியில், பக்கவாதத்துக்குப் பின் இந்த அடக்கம் கூடிவிடுகிறது. வெள்ளத்தின்போது அது பாதுகாப்பு. வெள்ளம் வடிந்த பின்னும் அந்த அடக்கம் நீங்காமல் இருப்பதால், கற்க வேண்டிய அணுக்கள் வாய்பொத்திக் கிடக்கின்றன. கலிபோர்னியாவில் தாமஸ் கார்மைக்கேல் குழுவினர் சுண்டெலிகளில் இந்த அடக்கத்தைத் தளர்த்தியபோது அவற்றின் கால் அசைவு மேம்பட்டது என 2010இல் 'நேச்சர்' இதழில் எழுதினர். அதே மருந்தைப் பக்கவாதம் வந்த கையோடு கொடுத்தால் சேதம் பெரிதாகியது. எது நல்லது என்பது எப்போது என்பதைப் பொறுத்தது. பெரும்பொழுது, சிறுபொழுது என்று காலத்தை முதற்பொருளில் வைத்த மரபைக் கற்பிப்பவளுக்கு இது விளங்கச் சிரமமில்லை.

இனி அழுகைக்கு வருகிறேன். அழுவதற்கான கருவி, அதாவது முகத்தசை, கண்ணீர்ச்சுரப்பி, கேவும் மூச்சு எல்லாவற்றையும் ஒன்றாக இயக்கும் அமைப்பு, மூளைத்தண்டில் கீழே இருக்கிறது. மேலிருந்து வரும் நரம்பு வழிகள் அதற்குக் கடிவாளம். கடிவாளம் அறுந்தால் குதிரை தானாக ஓடும். அதன்மேல் துக்கம் ஏறி அமர்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. கின்னியர் வில்சன் என்ற ஆங்கில மருத்துவர் 1924இலேயே இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அவருக்கும் முன்னால், 1872இல், உணர்ச்சிகள் முகத்தில் வெளிப்படும் விதம் பற்றிய தம் நூலில் டார்வின், பக்கவாதம் போன்ற மூளை நோய்கள் அழுகையைத் தூண்டுவதைக் குறித்துவைத்தார். மெய்ப்பாட்டியல் நடத்துகிறவள் டார்வினின் அந்த நூலை அதுவரை கையில் எடுத்ததில்லை என்பது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

செரடோனினும் நார்அட்ரினலினும் மூளைத்தண்டில் உள்ள சிறு சிறு அணுக்கூட்டங்களில் பிறந்து, நெடும் நரம்பிழைகள் வழியே மூளை முழுவதும் பாய்கின்றன. மேற்புறணிக்கு அவற்றில் பல முன்பக்கமாக ஏறி, அங்கிருந்து பின்னோக்கிச் செல்கின்றன. பாளையங்கால்வாய்ப் பாசனத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தலைமடையில் உடைப்பு என்றால் கடைமடை காயும். அமெரிக்க மனநல மருத்துவர் இராபர்ட் இராபின்சன் எழுபதுகளில் எலிகளை ஆராய்ந்தபோது, மூளையின் ஓரிடத்துச் சேதம் தொலைவில் உள்ள பகுதிகளிலும் நார்அட்ரினலினைக் குறைத்துவிடுவதைக் கண்டார். அதிலிருந்து, இடப்பக்க முன்மூளையில் அடிபட்டவர்களுக்கே மனச்சோர்வு மிகுதி என்ற கருத்தை வளர்த்தார். அழகான கருத்து. ஆனால் 2000இல் 'லான்செட்' இதழில் வந்த தொகுப்பாய்வு, அடிபட்ட இடத்துக்கும் சோர்வுக்கும் அப்படிப்பட்ட தொடர்பு இல்லை என்றது. கச்சிதமான விளக்கங்களில் மயங்குவது தமிழ் வாத்தியார்களுக்கு மட்டும் உள்ள நோய் அன்று என்று அறிந்து சற்றே ஆறுதலடைந்தேன்.

கட்டுப்படாத அழுகைக்கு மருந்து வேலைசெய்வது வேறு வகை. 1993இல் டென்மார்க்கில் பதினாறு நோயாளிகளிடம் சிட்டலோபிராம் என்ற மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலோருக்குச் சில நாட்களிலேயே அழுகை பாதியாகக் குறைந்தது. மனச்சோர்வைக் குறைக்க இவ்வகை மாத்திரைகளுக்கு வாரங்கள் ஆகும். அழுகை அவ்வளவு விரைவாக நிற்பதே, அது சோர்விலிருந்து பிறந்தது அன்று என்பதற்கு ஒரு குறிப்பு.

கண்ணீரை நிறுத்திய மாத்திரை கையையும் எழுப்புமா என்று மருத்துவரிடம் கேட்டேன். வீட்டில் நோயாளி இருக்கிறவர்களுக்கு எல்லா மாத்திரையும் சஞ்சீவி. அந்த ஆசை மருத்துவர்களுக்கும் இருந்ததாம். 2011இல் பிரான்சில் 118 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில், இதே இனத்தைச் சேர்ந்த புளுவாக்சடின் கொடுத்தவர்களுக்குக் கைகால் இயக்கம் கூடுதலாக மீண்டது. உலகெங்கும் நம்பிக்கை துளிர்த்தது. பிறகு பிரிட்டனில் 3,127 பேரிடம் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2018 இறுதியில் வந்தது: அன்றாட வாழ்வின் மீட்சியில் எந்த வேறுபாடும் இல்லை. மனச்சோர்வு குறைந்தது, எலும்பு முறிவுகள் கூடின. "கைக்கு இயன்முறைச் சிகிச்சைதான் அம்மா" என்றார். தினமும் காலையில் அப்பாவின் வலக்கை விரல்களைப் பாசிப்பயறு நிரப்பிய கிண்ணத்தில் அளையவிடுகிறோம். சுட்டுவிரல் மட்டும் இப்போது மடங்குகிறது.

இவ்வளவும் படித்தபின் வேறொரு தவறு செய்தேன். ஆடி மாதத்தில் ஒரு நாள் அப்பா காலையிலிருந்து விட்டுவிட்டு அழுதார். பல்கலைக்கழக விடைத்தாள் திருத்தும் பணி, எனக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "ஒண்ணுமில்லம்மா, அது மூளையில கெமிக்கல் செய்யிற வேலை. மாத்திரை அளவைக் கூட்டணும்போல" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மாலையில் திரும்பியபோது அம்மா அவருடைய காலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாதம் தொங்காமலிருக்க மாட்டும் பட்டை, கணுக்காலில் அழுத்தி, நான்கணா அகலத்துக்குத் தோல் உரிந்து சிவந்திருந்தது. அந்த அழுகை குழாயை அடைத்ததுபோல் நிற்கவில்லை என்பதையும், அவர் இடக்கையால் திரும்பத் திரும்பப் போர்வையைக் காட்டியதையும் நான் பார்த்துத்தான் இருந்தேன். முதலில் பொருளற்ற கண்ணீருக்குப் பொருள் சொன்னேன். பிறகு பொருளுள்ள கண்ணீரை வேதியியல் என்றேன். இரண்டு முறையும் அவரைக் கேட்கவில்லை. அம்மா என்னை ஒன்றும் சொல்லவில்லை; தேங்காயெண்ணெய் எடுத்து வரச் சொன்னாள். (எண்ணெய் போடக் கூடாது என்று மறுநாள் செவிலியர் திட்டினார்.)

அத்தை வந்ததைச் சொல்ல வேண்டும். காலக் கணக்கில் அது புண்ணுக்கு முந்தியது, சித்திரையில் நடந்தது. கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

மாத்திரை வேலைசெய்யத் தொடங்கியதும் நானே தொலைபேசியில் அழைத்தேன். அத்தை அடுத்த பேருந்திலேயே வந்துவிட்டார், அதே கடலைமிட்டாயோடு. வாசலில் நின்று "அண்ணே" என்றார். அப்பா திரும்பிப் பார்த்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் மலரும் அந்தப் புதுச் சிரிப்பைச் சிரித்தார். அழவில்லை. இடக்கையால் நாற்காலியைக் காட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது, ஏதோ நானே குணப்படுத்திவிட்டதுபோல். அடுக்களையில் வைத்து அத்தைக்கு எல்லாவற்றையும் விளக்கினேன்: செரடோனின், கடிவாளம், தலைமடை, கடைமடை. உங்களைப் பார்த்ததால் அழவில்லை அத்தை, உருளைக்காரனைப் பார்த்தும் அழுதார், குக்கருக்கும் அழுதார், நீங்கள் இனி எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றேன். உற்சாகத்தில் கொஞ்சம் சிரித்தேன் என்றும் நினைவு.

அத்தை அம்மியருகே நின்று கடலைமிட்டாயைக் குழவியால் தட்டிப் பொடியாக்கிக்கொண்டிருந்தார். அப்பாவால் கடித்து விழுங்க முடியாது. தட்டுவதை நிறுத்தினார்.

"அப்ப அது மாத்திரைக்கு நிக்கிற அழுகதானா, தாயி?"

அதன் பிறகுதான் அந்தப் 'போதும்' எனக்கு விளங்கியது. இருபத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின் அண்ணன் தன் தலையை இவர் வயிற்றில் சாய்த்து அழுதிருக்கிறார். வாங்க வேண்டியதை வாங்கிவிட்டதாக அத்தை அந்த நான்கு மாதங்களும் கோவில்பட்டியில் இருந்திருக்கிறார். கணக்கை அவர் தீர்த்துக்கொண்டுவிட்டார். நான் அந்தப் பற்றுச்சீட்டைப் பிடுங்கி, இது செல்லாது என்று சொல்லிவிட்டேன்.

அந்த வருடமே பணத்தை நான் கொடுக்கப் பார்த்தேன், வட்டி போட்டு. அத்தை உறையைத் தொடவில்லை. "நீ ஏன் தாயி தர்றே? நீயா வாங்குனே?" என்றார். மாதம் ஒருமுறை வருகிறார். அப்பாவும் அவரும் தொலைக்காட்சியில் ஏதேனும் பழைய படம் பார்க்கிறார்கள். ஒன்றிரண்டு முறை அப்பாவின் கண்கள் கலங்கியதுண்டு. அத்தை உடனே என் முகத்தைப் பார்க்கிறார்: இது எந்த வகை என்று கேட்பதுபோல். நான் வேறெங்காவது பார்த்துக்கொள்கிறேன்.

அப்பாவுக்கு இப்போது எழுபத்தொன்பது முடிந்துவிட்டது. ஏழெட்டுச் சொற்கள் திரும்பியிருக்கின்றன. மற்றதற்கெல்லாம் கட்டைவிரல் இருக்கிறது. முதன்முதலில் அத்தை வந்த அன்று, உருளைக்காரப் பையனும் குக்கரும் இன்னும் பட்டியலில் சேர்ந்திராத அந்த முதல் நாள், அழுதபோது உள்ளுக்குள் ஏதேனும் இருந்ததா என்று கேட்டுவிடலாம். ஆம் அல்லது இல்லை என்று விடை சொல்லக்கூடிய கேள்விதான். பல மாலைகளில் நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். அவரும் என்ன என்பதுபோல் பார்ப்பார். சுட்டுவிரலை ஒருமுறை மடக்கிக் காட்டுங்கள் அப்பா என்பேன். மடக்கிக் காட்டுவார்.